பம்பாயில் பிறந்த பாரசீக நாவல்

மங்கிய வெளிச்சத்தில் கிடக்கும் கயிற்றைப் பாம்பென்று எண்ணி அஞ்சுவது பற்றி நம் நாட்டு வேதாந்திகள் காலங்காலமாகப் பேசி வந்திருக்கிறார்கள். விளக்கைக் கொண்டுவந்தால் பாம்பு மறைந்துவிடும், கயிறு எஞ்சி நிற்கும் என்பது அவர்கள் முடிபு. பொய்த்தோற்றம் நீங்கினால் மெய் விளங்கும் என்ற உறுதி அந்த உவமையில் அடங்கியிருக்கிறது. ஆனால் விளக்கைக் கொண்டுவந்த பிறகும் பாம்பும் மறையாமல், கயிறும் மறையாமல், இரண்டும் ஒருங்கே கிடந்தால் என் செய்வது? அத்தகைய நிலையில் வாசகனைக் கொண்டுபோய் நிறுத்தும் நாவல் ஒன்றைப் பற்றியே இங்கு ஆராயப் புகுகிறோம்.

அதன் பெயர் பாரசீக மொழியில் ‘பூஃப்-ஏ-கூர்’. தமிழில் ‘குருட்டு ஆந்தை’ எனலாம். ஆசிரியர் சாதிக் ஹிதாயத் என்னும் ஈரானியர். நூல் அளவில் சிறியது. ஒரே இரவில் படித்து முடித்துவிடலாம். ஆயினும் அதன் பொருள் இன்னதென்று அறுதியிட்டுரைக்க எண்பது ஆண்டுகளுக்கு மேலாக அறிஞர்கள் முயன்று வருகிறார்கள். சொந்த ஊரை விட்டு வெளிமாநிலங்களில் வாழும் தமிழ் அன்பர்களுக்கு, அவருள்ளும் மும்பையில் வாழ்வோருக்கு, இந்நூலின்மீது தனி உரிமை ஒன்று உண்டு. இந்தப் பாரசீக நாவல் முதன்முதலில் வெளிப்பட்டது டெஹ்ரானில் அன்று. அந்நாளில் பம்பாய் என வழங்கிய அந்நகரத்திலேதான்.

ஹிதாயத் 1903-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17-ஆம் நாள் டெஹ்ரானில் உயர்குடி ஒன்றில் பிறந்தார். அவர் குடும்பத்தில் அமைச்சர்களும் அரசு அதிகாரிகளும் புலவர்களும் இருந்தனர். அரசாங்க உதவிப் பணம் பெற்று ஐரோப்பாவுக்குக் கல்வி கற்கச் சென்றார். பெல்ஜியத்திலும் பிரான்சிலும் சில ஆண்டுகள் தங்கிப் பல துறைகளைத் தொட்டுப் பார்த்தார். பட்டம் எதனையும் பெறாமலே 1930-இல் தாயகம் திரும்பி, தேசிய வங்கியில் எழுத்தராக அமர்ந்தார். புலால் உண்ணாமையை வலியுறுத்தி இளமையிலேயே ஒரு நூல் எழுதியவர் அவர். உமர் கய்யாமின் பாடல்களைத் தொகுத்து ஆராய்ந்து 1934-இல் வெளியிட்டார். நாட்டுப்புற வழக்காறுகளைத் திரட்டுவதிலும் பெருவிருப்புடையவர்.

அக்காலத்து ஈரானை ஆண்டவர் ரேசா ஷா. சாலைகளும் இருப்புப்பாதையும் பள்ளிகளும் பெருகிய காலம் அது. அத்துடன் எழுத்தின் மீது தணிக்கையின் பிடி இறுகிய காலமும் அதுவே. பத்திரிகைகள் அரசின் கண்காணிப்பில் இருந்தன. மனம் விட்டு எழுதியவர்கள் சிறைக்குப் போனார்கள். இந்நிலையில், பம்பாயில் அரசுப் பணியிலிருந்த ஷீன் பர்த்தோ என்னும் நண்பரின் அழைப்பை ஏற்று, 1936-இல் ஹிதாயத் கப்பலேறி இந்தியா வந்து சேர்ந்தார். ஏறத்தாழ ஓராண்டு இங்கே தங்கினார்.

பாரசீக எழுத்தாளர் ஒருவர் பம்பாயை நாடி வந்ததில் வியப்பில்லை. ஈரானின் பழஞ்சமயத்தைக் காத்துக்கொண்டு பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தியாவில் குடியேறிய பார்சிகளின் பெருநகரம் அது. பாரசீக நூல்கள் பல பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அங்குக் கல்லச்சில் வெளிவந்தன. முதல் பாரசீகப் பேசும் படமாகிய ‘லூர் நங்கை’ 1933-இல் வெளிவந்ததும் பம்பாய் இம்பீரியல் பிலிம் கம்பெனியின் முயற்சியால்தான். அர்தேஷிர் இரானி நடத்திய அதே கம்பெனிதான் 1931-இல் முதல் தமிழ்ப் பேசும் படமாகிய ‘காளிதா’ஸையும் எடுத்தது. ஆக, தமிழும் பாரசீகமும் வெள்ளித்திரையில் வாய் திறந்தது ஒரே கூரையின்கீழ் என்று கூறலாம்.

பம்பாயில் ஹிதாயத் இரண்டு செயல்களைச் செய்தார். பார்சி அறிஞரான பஹ்ராம்கோர் அங்கிலேசரியாவிடம் மாணவராக அமர்ந்து, பழம்பாரசீகத்தின் வழிவந்த பஹ்லவி மொழியைக் கற்றார். தாயகத்தில் மறைந்துபோன தம் முன்னோர் மொழியை அயல்நாட்டில் தேடிக் கற்ற செய்தி இது. இரண்டாவது செயல், தம்முடன் கொண்டிருந்த நாவலைத் தம் கையாலேயே எழுதிப் படியெடுத்து வெளியிட்டமை. படிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய 50 மட்டுமே. ஈரானில் விற்பனைக்கும் வெளியீட்டுக்கும் உரியதன்று என்னும் குறிப்பும் அதில் இடம்பெற்றது. அப்படிகளை அவர் ஐரோப்பாவிலும் பிற இடங்களிலும் இருந்த நண்பர்களுக்கு அனுப்பினார். தம் மொழியைப் படிக்கத் தெரிந்த நாட்டுக்குள் நுழைய முடியாத நூல், அம்மொழியைப் பெரும்பாலோர் அறியாத ஊரில் பிறந்தது.

இனிக் கதைக்கு வருவோம். நூல் இரு பகுதிகளாக அமைந்தது. முதற்பகுதியில் பேசுபவன் பெயர் கூறப்படாத ஓர் ஓவியன். ஊருக்குப் புறத்தே தனித்ததொரு வீட்டில் வாழ்கிறான். எழுதுகோல் வைக்கும் ‘கலம்தான்’ என்ற பெட்டிகளின் மேல் ஓவியம் தீட்டுவது அவன் தொழில். அவற்றை இந்தியாவிலிருக்கும் சிற்றப்பனுக்கு அனுப்புகிறான். அவர் விற்றுப் பணம் அனுப்புகிறார். அவன் எப்போதும் ஒரே காட்சியையே வரைகிறான். ஒரு சைப்ரஸ் மரம்; அதன் கீழ் இந்திய யோகியைப் போன்ற கூனல் கிழவன், சுட்டுவிரலை உதட்டின்மேல் வைத்தவண்ணம் குந்தியிருக்கிறான்; அவனெதிரே கருநிற ஆடை அணிந்த நங்கை, குனிந்து ‘நீலூஃபர்’ மலரை நீட்டுகிறாள்; இருவருக்கும் இடையே ஓர் ஓடை. (நீலூஃபர் என்ற சொல் நம் நீலோற்பலத்தின் உறவினம் என்பதை வாசகர் உடனே உணர்வர்.)

பாரசீகப் புத்தாண்டின் பதின்மூன்றாம் நாள் ஊர் மக்களெல்லாம் வெளியே பொழுது போக்கச் சென்றிருக்க, அவன் மட்டும் வீட்டில் இருக்கிறான். எதிர்பாராது சிற்றப்பன் வருகிறார். விருந்தோம்பப் பழைய மது இருப்பது நினைவுக்கு வர, மேல்தட்டில் எட்டிப் பார்க்கும்போது சுவரிலுள்ள காற்றுத் துளை வழியே அந்தக் காட்சி உயிருடன் தெரிகிறது: அதே மரம், அதே கிழவன், அதே நங்கை. நங்கையின் கண்கள் அவனைப் பிணிக்கின்றன. கிழவன் மயிர் கூச்செறியும்படி சிரிக்கிறான். மறுநாள் பார்த்தால் சுவரில் துளையே இல்லை. இரண்டு மாதமும் நான்கு நாளும் அவளைத் தேடி அலைகிறான். ஒருநாள் இரவு அவளே அவன் வாயிற்படியில் அமர்ந்திருக்கிறாள். உள்ளே வந்து கட்டிலில் படுத்துக்கொள்கிறாள். அவன் அந்தப் பழைய மதுவை அவள் வாயில் ஊற்றுகிறான். பிறகு தொட்டுப் பார்த்தால், அவள் உயிரற்ற உடல். அவள் கண்களைக் காகிதத்தில் வரைந்து வைத்துக்கொண்டு, உடலைத் துண்டாக்கிப் பெட்டியிலிட்டுப் புதைக்கச் செல்கிறான். வண்டியோட்டி ஒரு கூனல் கிழவன், அதே சிரிப்பு. குழி தோண்டியபோது பழைய ரே நகரத்துச் சாடி ஒன்று கிடைக்கிறது. அதன்மேல் தீட்டியிருந்த பெண்முகமும், அவன் அன்றிரவு வரைந்த முகமும் ஒன்றே!

இரண்டாம் பகுதியில் அபினிப் புகையினூடே வேறோர் உலகத்தில் விழிக்கிறான். இங்கு அவன் நோயாளி. ரே நகரத்து வீடொன்றில் படுக்கையில் கிடக்கிறான். தாதி பணிவிடை செய்கிறாள். அத்தை மகளையே மணந்திருக்கிறான்; அவள் தன்னை அணுகவிடாமல் பிறரோடு பழகுகிறாள் என்று வெறுப்பும் ஆசையும் ஒருங்கே கொண்டு புழுங்குகிறான். பலகணிக்கு வெளியே ஒரு கசாப்புக்காரனும், பழஞ்சாமான் பரப்பி விற்கும் கூனல் கிழவன் ஒருவனும் எப்போதும் தெரிகின்றனர். இறுதியில் அந்தக் கிழவனைப்போலவே வேடமிட்டு, கத்தியுடன் மனைவியின் அறைக்குள் இருளில் செல்கிறான். அவள் இறக்கிறாள். கண்ணாடியில் முகம் பார்க்கிறான். அங்கே தெரிவது தான் வெறுத்த அந்தக் கிழவனின் முகம். மறுகணம் முதற்பகுதியின் அறையில் விழிக்கிறான். சாடியைக் காணோம், அழுக்குத் துணியில் எதையோ சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு கிழவன் சிரித்தவாறு போகிறான். ஓவியனின் உடையில் உறைந்த இரத்தம்.

கதைச் சுருக்கத்தைக் கேட்டவர்கள், இது வெறும் பைத்தியக்காரன் பிதற்றல் என்று கருதக்கூடும். ஆனால் பிதற்றலில் ஒழுங்கு இராது. இந்நூலிலோ கணக்கிட்டு வைத்த ஒழுங்கு இருக்கிறது. அதனை அறிந்துகொண்டால்தான் மாயையும் மெய்யும் இங்கு எவ்வாறு கலக்கின்றன என்பது புலப்படும்.

முதலாவது, திரும்ப வருதல் என்னும் உத்தி. கிழவன், சிரிப்பு, சாடி, மது, நீலூஃபர், உதட்டில் வைத்த விரல் ஆகியவை இரு பகுதிகளிலும் மீண்டும் மீண்டும் தோன்றுகின்றன. சிற்றப்பன், வண்டியோட்டி, பழஞ்சாமான் கடைக்காரன், ஓவியத்து யோகி அனைவரும் ஒரே கிழவனின் பல உருவங்கள். பொருள்கள் அப்படியே நிற்க, அவற்றுக்கிடையே உள்ள உறவு மட்டும் மாறுகிறது. முன்பு எங்கோ கண்டோமே என்ற மயக்கம் கதாநாயகனுக்கு உண்டாவது போலவே வாசகனுக்கும் உண்டாகிறது. வாசகன் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டத் தொடங்குகிறான். நூல் அவனையும் தன் கனவுக்குள் இழுத்துக்கொள்ளும் வகை இதுவே.

இரண்டாவது, காலக் குழப்பம். இதற்கு ஆசிரியர் கையாளும் சிறு குறிப்பு நாணயம். முதற்பகுதியில் ஓவியன் பையில் இருப்பவை இரண்டு கிரானும் ஓர் அப்பாசியும். இரண்டாம் பகுதியில் இரண்டு திர்ஹமும் நான்கு பஷீஸும். முன்னவை அண்மைக் காலத்து நாணயங்கள்; பின்னவை பழங்காலத்தவை. ஆகவே நோயாளியின் வாழ்வு ஓவியனின் முற்பிறவியா, அல்லது அபினி மயக்கத்தில் அவன் கண்ட கனவா, அல்லது நோயாளியின் வாழ்வே மெய்யாக, ஓவியன் கதைதான் அவன் கனவா? ஒவ்வொரு பகுதியும் மற்றதன் கனவாக நிற்கிறது. எந்த ஒன்றையும் அடித்தளமாகக் கொள்ள முடியவில்லை.

மூன்றாவது, சாட்சியின்மை. கதை முழுவதும் ஒருவன் வாய்மொழியே. அவன் அபினி உண்பவன், காய்ச்சலில் கிடப்பவன், சினம் கொண்டவன். அவன் கூற்றைச் சரிபார்க்க வேறொருவர் நூலில் இல்லை. யாருக்காக எழுதுகிறான்? தன் விளக்கொளியில் சுவர்மேல் விழும் தன் நிழலுக்காகவே எழுதுகிறான். அந்த நிழல் ஆந்தை வடிவில் குந்தியிருக்கிறது. இருளில் பார்க்க வல்ல பறவை ஆந்தை. அதுவும் குருடாகிவிட்டால்? நூலின் பெயர்ப் பொருத்தம் இங்கே விளங்கும்.

இந்நூலில் இந்தியா பெறும் இடத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கதை சொல்பவனின் தாய் ‘பூகம் தாசி’ என்னும் ஆடல் நங்கை. காசியில் லிங்கக் கோயில் ஒன்றில் நடனமாடியவள். வணிகத்தின் பொருட்டு அங்குச் சென்ற இரட்டையர் இருவரும் அவளை விரும்பினர். இருவரும் நாகப்பாம்பு விடப்பட்ட இருட்டறையில் அடைபட வேண்டும், உயிரோடு வருபவனுக்கே அவள் உரியவள் என்று முடிவாயிற்று. வெளியே வந்தவன் தலை நரைத்து, மதி கலங்கிய நிலையில் வந்தான். அவன் தந்தையா, சிற்றப்பனா என்பது எவருக்கும் தெரியவில்லை. மகனுக்கு அவள் விட்டுச் சென்ற கொடை, நஞ்சு கலந்த மது. பிறப்பிலேயே இவனுக்கு உண்மை மறுக்கப்பட்டது என்பதே இக்கிளைக்கதையின் உட்கருத்து.

இந்த இந்தியா, பாம்பும் நாட்டியமும் நஞ்சும் நிறைந்த செவிவழி இந்தியா என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஹிதாயத் நேரில் வாழ்ந்த பம்பாயின் டிராம் வண்டிகளும் அலுவலகங்களும் இதில் இல்லை. நாவலை அவர் எப்போது எழுதத் தொடங்கினார் என்பது குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடும் உண்டு. எவ்வாறாயினும், கதை சொல்பவன் இந்தியாவைக் கண்டவன் அல்லன். தாதி சொல்லக் கேட்டவன். தான் காணாத தாயைத் தான் காணாத நாட்டில் வைத்துக் கற்பனை செய்பவனுக்கு அந்நாடு அப்படித்தான் தோன்றும். ஆகவே அதனை நம் நாட்டின் படமாகக் கொள்ளாமல், அவன் ஏக்கத்தின் படமாகக் கொள்வதே முறை.

இதனினும் கடுமையான வினா ஒன்று உண்டு. இரு பகுதிகளிலும் ஒரு பெண் மடிகிறாள். முதற்பகுதியில் அவள் வானத்துத் தேவதை. இரண்டாம் பகுதியில் அவள் கற்பிழந்தவள் என்று தூற்றப்படுகிறாள். இரண்டிலும் அவள் தன் உள்ளம் திறந்து பேச இடம் பெறவில்லை. இத்தகைய நூலை நல்லிலக்கியம் என்று போற்றலாமா? பெண் வாசகர் பலர் இதனைப் படிக்கையில் மனம் கசந்திருப்பர், அக்கசப்பு நியாயமானதே.

ஆனால் நூலின் கட்டுக்கோப்பையே விடையாகக் கொள்ளலாம். கதை சொல்பவன் பெண்ணைத் தேவதையாகவோ, இழிந்தவளாகவோ மட்டுமே காண்கிறான். தன்னைப் போன்றதொரு மானிட உயிராக அவளை ஒருமுறையும் அவன் கண்டதில்லை. இது அவனது முதல் மாயை. இந்த மாயையின் விளைவாக மெய்யான இரத்தம் சிந்துகிறது. ஊரெல்லாம் கயவர் என்று பழித்தவன், கண்ணாடியில் பார்க்கும்போது அந்தக் கயவனாகவே மாறியிருக்கிறான். எது கனவு, எது நனவு என்ற வினாவுக்கு விடை கிடைக்காமல் போகலாம். உடையில் படிந்த கறை மட்டும் இரு உலகங்களிலும் நீங்குவதில்லை. மயக்கம் குற்றத்திலிருந்து விடுதலை அளிப்பதில்லை என்பதனை இதைவிட அழுத்தமாகச் சொல்லும் நூல்கள் அரியவை. கதை சொல்பவன் வேறு, ஆசிரியர் வேறு என்ற வேறுபாட்டை மறவாமல் படித்தல் இங்கு இன்றியமையாதது.

நூலின் பிற்கால வரலாறும் அறியத்தக்கது. 1941 செப்டம்பரில் ரேசா ஷா அரியணை துறந்தார். தணிக்கை தளர்ந்ததும், டெஹ்ரானில் ‘ஈரான்’ என்னும் நாளிதழில் இந்நாவல் தொடராக வெளிவந்தது. பம்பாயில் 50 படிகளாகப் பிறந்த நூல், தாயகத்து மக்களை அடைய ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆயின. 1953-இல் ரொஷே லெஸ்கோவின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு பாரிஸில் வெளிவந்தது. மிகைமெய்யியக் கவிஞர் ஆந்திரே பிரெத்தோன் அதனைப் பாராட்டினார். 1957-இல் டி. பி. காஸ்டெல்லோவின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. அதன் பின்னரும் ஆங்கிலத்தில் புதுப்புது மொழிபெயர்ப்புகள் தோன்றியவண்ணம் உள்ளன.

இப்புகழைக் காண ஆசிரியர் இருக்கவில்லை. 1951 ஏப்ரல் 9-ஆம் நாள் பாரிஸில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். பேர் லாஷேஸ் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். அத்துயர முடிவை வைத்துக்கொண்டு, நாவல் முழுவதையும் ஒரு நோயாளியின் வாக்குமூலமாகக் கொள்வோர் உண்டு. அது பொருந்தாது. நகைச்சுவை ததும்பும் நையாண்டிக் கட்டுரைகளையும், ‘தெருநாய்’ போன்ற உருக்கமிகு சிறுகதைகளையும் எழுதியவரும் அவரே. பஹ்லவி நூல்களை இக்கால மொழியில் பெயர்த்து வழங்கிய புலமையும் அவருடையதே. ஒரு மனிதனின் இறுதி நாளைக் கொண்டு அவன் வாழ்நாள் உழைப்பை எல்லாம் அளத்தல் ஆகாது.

இந்நாவலைப் புதிதாகப் படிக்க விரும்பும் அன்பர்களுக்கு ஒரு யோசனை. முதன்முறை படிக்கும்போது பொருள் தேட வேண்டா. ஓவியத்தைப் பார்ப்பது போலப் படித்துச் செல்லுங்கள். இரண்டாம் முறை படிக்கும்போது, திரும்பத் திரும்ப வரும் பொருள்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சாடி எங்கே வருகிறது, சிரிப்பு எங்கே வருகிறது, நாணயம் எங்கே மாறுகிறது என்று பாருங்கள். அப்போது நூல் புதிர் என்ற நிலை மாறி, ஒரே பண்ணைப் பல நிலைகளில் ஆலாபனை செய்வது போன்ற அமைப்பாகத் தோன்றும். மனம் சோர்ந்திருக்கும் காலத்தில் மட்டும் இதனைக் கையில் எடுக்காதிருத்தல் நலம்.

அயலூரில் வாழ்கின்ற ஒருவர், சுற்றியிருப்போர் அறியாத தம் தாய்மொழியில் இரவு நேரத்தில் எழுதுகிறார், அல்லது படிக்கிறார். அவ்வேளையில் அவருக்குத் துணை சுவரில் விழும் நிழலே. ஹிதாயத்தின் கதாநாயகன் அந்த நிழலோடு நின்றுவிட்டான், அதனால் அழிந்தான். ஹிதாயத்தோ கையால் எழுதிப் படியெடுத்து, உறையிலிட்டு, கடல் கடந்து நண்பர்களுக்கு அனுப்பினார். கதைக்குள் கிடைக்காத வாசகனை அவர் கதைக்கு வெளியே தேடினார். ஐம்பது பேருக்கென்று எழுதப்பட்டது பல நாட்டவர்க்கும் உரியதாயிற்று. தாய்மொழியில் எழுதும் பழக்கத்தை வெளியூரிலும் விடாது காத்துவரும் நம்மவர், எழுதியதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டாமல் நால்வருக்கேனும் அனுப்பிவைப்பார்களாக.